படிப்புக்கு மட்டும்

"நான் அங்க போகவே இல்ல மேடம். வீட்டுல உக்காந்து கலர் அடிச்சேன்."

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. சொன்னது ஸ்கேல்.

நகரத் திட்டமிடல் முதுகலை வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஆளும் ஒல்லி, கோடும் நேர். துளி பிசகினாலும் முழுத் தாளையும் கிழித்துவிட்டு மறுபடி வரைகிற ரகம்.

இறுதி ப்ராஜெக்டுக்காக அவளும் வகுப்பு லீடரும் சேர்ந்து போட்ட மேப் சுவரில் தொங்கியது. வாய்க்காலின் இரண்டு கரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள். பத்திரம் உள்ள வீடு மஞ்சள், இல்லாத வீடு சிவப்பு. இந்தக் கரையைக் கணக்கெடுத்தவன் லீடர். அந்தக் கரை ஸ்கேலுடையது.

வெளித் தேர்வாளராக வந்திருந்த நகராட்சித் திட்ட அதிகாரி, கொஞ்சம் முன்னால்தான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு மேப்பைப் பார்த்து உருகியிருந்தார்.

"எங்க ஆபீஸ்லயே இப்படி ஒண்ணு கிடையாதும்மா. வாய்க்கால் ஓரம் ரோடு போடற ஃபைல் ரொம்ப வருஷமா தூங்குது. இதை நான் எடுத்துட்டுப் போறேன். படிப்பு முடிஞ்சதும் ரெண்டு பேரும் நேரா எங்க ஆபீஸுக்கே வந்துடுங்க."

லீடருக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி வாசலைத் தாண்டும் முன்பே வேலை! அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்கேல் எழுந்து குண்டைப் போட்டாள்.

"விளையாடறியா?" என்றார் வகுப்புப் பேராசிரியையான மேடம்.

"இல்ல மேடம். அந்தக் கரையில சிவப்பு, மஞ்சள் எல்லாம் கைக்கு வந்தபடி அடிச்சது. சார் அதை நம்பி எடுத்துட்டுப் போயிடக் கூடாது."

"உனக்கு ஒரு வருஷம் போச்சு, தெரியுதா? அடுத்த பேட்ச்சோட உக்காரணும்."

"தெரியும் மேடம்."

அதிகாரி உச்சுக்கொட்டினார். "சரி, இந்தக் கரையாவது ஒழுங்கா இருக்கா?"

"நூத்துக்கு நூறு சார்!" லீடர் முந்திக்கொண்டான். "வீடு வீடா ஏறி இறங்கினேன். அந்தக் கரையையும் நானே எடுத்து, ரெண்டையும் சேர்த்தே தர்றேன் சார்."

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே? நான் வெயில்ல நாயா அலைஞ்சேன். நீ ஃபேனுக்குக் கீழ உக்காந்து கலர் அடிச்சியா?"

"ஸாரிடா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ அந்தக் கரைக்குப் போகாம இருந்தா நல்லது" என்றாள்.

"ஏன், உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்னு பயமா?"

அவள் கையிலிருந்த பென்சில்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கேன்டீனில் அன்று முழுக்க அவள்தான் தொட்டுக்க. "ஸ்கேலே வளைஞ்சுடுச்சேடா!" என்றான் ஒருவன். லீடரும் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் டேப்பும் தாளுமாக வாய்க்கால் பாலத்தைத் தாண்டினான். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் தையல் மிஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காலேஜ்லேர்ந்து வர்றேன். வீட்டுக்குப் பத்திரம் இருக்கா? பயப்படாம சொல்லுங்க, இது..."

"படிப்புக்கு மட்டும்தான்" என்று அவளே முடித்துவைத்தாள். "அதான் அந்த ஒல்லிப் பொண்ணு வந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போச்சே தம்பி. மறுபடியும் எதுக்கு?"

லீடர் டேப்பை இழுத்தபடியே நின்றான்.

"இந்தப் பக்கம் முழுக்கவா வந்தா?"

"ஒரு வீடு விடல. பூட்டியிருந்த வீட்டுக்கெல்லாம் திரும்பத் திரும்ப வந்து நின்னுச்சு. பத்திரம்னதும் நாங்க முதல்ல வாயே திறக்கல. இல்லன்னு தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நஷ்டஈடும் வராது. 'இது படிப்புக்கு மட்டும்தான்கா, வெளிய போகாது'ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதை நம்பித்தான் உள்ளதைச் சொன்னோம்."

மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "வெளிய போகாதுல்ல தம்பி?"

"போகாதுக்கா."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்தான். கணக்கெடுக்கப் போகிறவன் கேள்விக்கு முன்னால் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. இந்தக் கரையில் அவனும் ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருந்தான், போனை எடுத்ததும் ஹலோ சொல்வதுபோல. சொன்னதும் கதவைத் திறந்தார்கள், நாற்காலி போட்டார்கள், பத்திரம் இல்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அத்தனையையும் சிவப்பாக அடித்துவிட்டு, நூற்றுக்கு நூறு என்று மார்தட்டியிருக்கிறான். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் மேடத்தின் அறைக்குப் போனபோது அதிகாரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா, உனக்காகத்தான் காத்திருக்கேன். வேலைக்கு உன் பேரைக்கூடச் சொல்லி வச்சாச்சு. அந்தக் கரைக்குப் போனியா?"

"போகல சார்."

மேடம் கோபமாக நிமிர்ந்தார். "போகலையா? பொறுப்பா ஏத்துக்கிட்டியே!"

"அதை விடுங்க மேடம்" என்றார் அதிகாரி. "அவன் எடுத்த இந்தக் கரையையாவது குடுக்கட்டும். அது நூத்துக்கு நூறுன்னானே!"

லீடர் அதிகாரி பக்கம் திரும்பினான்.

"அங்கயும் போகல சார். நானும் வீட்டுல உக்காந்துதான் கலர் அடிச்சேன்."