எந்தக் கணினியிலும் ஓடும்

புயலைக் கணிக்கும் நிரல் இனி எந்தக் கணினியிலும் ஓடும் என்று இயக்குநர் அம்பலவாணன் மேடையில் மார்தட்டினார். அதை எழுதிய தெய்வானை முதல் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பழைய கணினியில் இரண்டு மணி நேரத்தில் முடிந்த கணக்கு, புதியதில் இரண்டு நாள் இழுத்தது. அதிலிருந்த ஆயிரம் பிராசசர்களில் ஒன்று மட்டும் உழைக்க, மற்றவை சும்மா கிடந்தன. எல்லாவற்றுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும்படி மாற்றி எழுத ஆறு மாதம் கேட்டாள். "ஓடுதுல்ல? அப்புறமென்ன?" என்றுவிட்டார் அந்த மேதை. பழையதையும் தூக்கிப் போட்டாயிற்று.

மீனவர் சங்கத்திலிருந்து வந்திருந்த சூசை எழுந்தார். "நாளைக்குக் கடலுக்குப் போலாமா, சார்?"

அம்பலவாணன் மைக்கை அவளிடம் நீட்டினார். "சொல்லும்மா."

"நாளைக்குப் புயல் வருமான்னு சாரோட கணினி நாளன்னிக்குச் சொல்லிடும்ணே."

சூசை அம்பலவாணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.