முறுக்கு வீட்டு ரகசியம்

மில் மூடியதிலிருந்து வீட்டிலேயே இருந்த அழகர்சாமி, மனைவி அமிர்தத்தின் மேல் எரிந்து விழுந்தான்.

“அடுத்த தெரு சந்திரம்மாள் வீட்டைப் பாரு. கைக்குழந்தையை வச்சுக்கிட்டே முறுக்கு சுத்தி, மலைக்கோட்டைக் கடைகளுக்கெல்லாம் போடுறாங்க. நீயும் பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே!”

“எப்படின்னு நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்களேன்.”

அழகர்சாமி விறுவிறுவென்று போனான். அங்கே, தூளிக் கயிற்றைக் கால் விரலில் கட்டி ஆட்டியபடியே முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தவர், சந்திரம்மாளின் கணவர்!

“வீட்டுல அம்மா இல்லீங்களா?”

“அவ நர்ஸாச்சே, டூட்டிக்குப் போயிருக்கா. நீங்க கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க தம்பி.”

“நானா?”

“ஆமா. நீங்க தொழில் கத்துக்க வருவீங்கன்னு உங்க சம்சாரம் நேத்தே சொல்லிட்டுப் போனாங்களே! அவங்களுக்கும் ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்காமே?”