ஐந்தாவது பிளேயர்

கோரமண்டல் கடைத்தெருவில் சஞ்சயின் கடையில் விற்காமல் தூங்கிய டிவிடி பிளேயர்களுக்கு அன்றுதான் ஒரு ஆள் வந்தார், ரிட்டையர்டு ஃபோர்மேன் கோபால்.

"விலை கம்மியா, நல்லதா காட்டுப்பா." தன் பிரிவுபசார விழா டிஸ்க்கையே போட்டுப் பார்த்தார்.

"கலர் மங்கல்." அடுத்தது. "பேச்சு சரியா கேக்கல." அடுத்தது.

நாலு பிளேயரிலும் அதே பூமாலை, "இவரில்லாம ஒரு ஷிஃப்டு ஓடாது" என்ற அதே மேனேஜர். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என்னைத்தான் சொல்றாரு" என்றார் கோபால்.

சஞ்சய் பொறுமையிழந்து ஐந்தாவதைப் பெட்டியோடு நீட்டினான். "காசே வேணாம் சார், எடுத்துட்டுப் போங்க!"

"எதுக்குப்பா? வீட்டுல நல்லாவே ஒண்ணு இருக்குது."

"அப்போ இங்க இன்னாத்துக்கு சார் வந்தீங்க?"

கோபால் டிஸ்க்கைத் துடைத்து உறையில் போட்டார். "அங்க நான் இதைப் போட்டா, எல்லாரும் எழுந்து போயிடறாங்கப்பா."