வர்றேனுங்க

பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. யாரோ மேலிருந்து ஒன்றை உருவி அவளுக்குப் போட்டார்கள்.

அவள் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

இறந்தவர் பெயர் நாச்சிமுத்து. அவளுடைய நூற்பாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியவந்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

அவள் குரலுக்குத் திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்திருந்தது.

பதினான்காயிரம் பேர் வேலை பார்க்கும் குழுமம். தலைவி எல்லோரிடமும் பேச வேண்டும் என்றார்கள். போன வருடம் மூன்று நாள் அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். அதன்பிறகு அந்தக் குரலில் கணினியே பேசியது. பிறந்தநாள் என்றால் தொழிலாளியின் போனுக்குக் குரல் போனது. கல்யாணம் என்றால் குரல் போனது. பெயர் சொல்லி, ஊர் சொல்லி, நடுவில் அவளைப் போலவே லேசாக இருமிக்கொண்டு.

ஆலைக்குள் நடந்தால், நேற்றுப் பேசினீர்களே அம்மா என்று யாராவது சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

முன்பெல்லாம் அவள் அறைக்கதவை யாராவது தட்டுவார்கள். இப்போது தட்டுவதில்லை. குரலிடமே கேட்டுக்கொண்டார்கள். அது உடனே பதில் சொன்னது.

எந்தப் பேச்சையும் 'சரிங்க, வர்றேனுங்க' என்றுதான் அவள் முடிப்பாள். சின்ன வயதுப் பழக்கம். கணினிப் பிரிவின் தலைவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இதுதான் மேடம் நீங்கள் என்றார். எல்லாச் செய்திகளின் கடைசியிலும் அதைச் சேர்த்துவிட்டார்.

துக்கச் செய்தியிலும்.

சாவு வீட்டில் யாரும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சொல்லாமல் எழுந்து போவதுதான் முறை. அது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி அந்தச் சொல்லைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் செத்துக் கிடக்கும் வீட்டுக்குப் பேசி, கடைசியில் ஒருத்தர் அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வருகிறார்கள்.

திங்கட்கிழமை மதியமே எடுப்பதாக இருந்தது. துளசிமணி விடவில்லை. முதலாளியம்மா வரட்டும் என்றாள். சங்கு ஊதுகிறவர் இரண்டு தடவை எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டார்கள்.

நாச்சிமுத்துவின் தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

"அண்ணி, அது மெசினு பேசறது. மெசினு எந்தக் காருல ஏறி வரும்?"

சிலர் சிரித்தார்களாம். பிணத்தை வைத்துக்கொண்டு.

பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு எடுத்தார்கள்.

அன்று மாலையே துளசிமணி, செய்தி வந்த எண்ணுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். புதன்கிழமைதோறும் தலைவியின் மேசைக்கு வரும் அறிக்கையில் அது இருந்தது. நன்றி சொன்னவர்கள் இத்தனை. கோரிக்கை வைத்தவர்கள் இத்தனை. வகைப்படுத்த முடியாதது, ஒன்று.

அந்த ஒன்றைத் திறந்தாள்.

"எடுத்துட்டோமுங்க. இனி அவசரமில்லீங்க. மெதுவா வாங்க."

மறுநாள் காலை அவள் காரில் ஏறும்போது கணினிப் பிரிவின் தலைவர் போனில் அழைத்தார். தானாகப் போன செய்தி என்று சொல்லிவிடலாம் மேடம், எல்லோருக்கும் புரியும், வாரக் கடைசிக்குள் திருத்திவிடுகிறோம் என்றார். நல்ல மனிதர். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இப்போது அவள் துளசிமணிக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் நான்கைந்து உறவுக்காரப் பெண்கள். தம்பி நிலையில் சாய்ந்து நின்றார்.

அவர் அண்ணியின் போனை எடுத்து அந்தச் செய்தியைப் போட்டார்.

அவள் குரல் அந்த அறைக்குள் பேசியது. நாச்சிமுத்து என்றது. இருபத்தாறு வருடம் என்றது. உங்கள் வீட்டில் ஒருத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றது. இருமியது. அவள் இதுவரை யாரிடமும் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

சரிங்க, வர்றேனுங்க என்றது.

இது நீங்கள் பேசியதுதானா என்று தம்பி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும்கூட. சொல்லிவிட்டால், ஒரு மெஷினை நம்பிப் புருஷனைப் பொழுது சாயும்வரை போட்டு வைத்தவள் என்று துளசிமணிக்குப் பெயர் வந்துவிடும். இந்த ஊரில் அவள் சாகும்வரை அது போகாது.

சுவரோரம் இருந்த பெண்கள் முதலாளியம்மாவின் வாயைப் பார்த்தார்கள்.

"நாந்தானுங்க பேசுனேன்."

தம்பி அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். போனைப் பாயில் வைத்துவிட்டு வெளியே போனார்.

துளசிமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிறகு முதலாளியம்மா பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்பறம் ஏனுங்க வரல?"

அவள் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தாள்.

அவள் பார்க்க வேண்டிய ஒப்புதல்கள் எல்லாம் காலை பத்து மணிக்குள் தாமாகவே முடிந்திருந்தன. கூட்டம் எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலோரம் நின்றாள். கீழே டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் அங்கேயே நின்றாள். அவர் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து இந்த வீட்டுக்கு நாற்பது நிமிடம்.