கயிறு பிடித்தவன்

இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகு அங்கே வேலைக்குப் போக பர்மிட் வேண்டியிருந்தது. அந்த நாட்டில் எவருக்கும் இல்லாத திறமை இருந்தால்தான் கொடுப்பார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரியின் முன்னால் இடுப்பில் கயிறு கட்டி முத்துக் குளித்துக் காட்டப்போன கயித்தான் தோற்று வீடு திரும்பினான்.

"மூச்சு இன்னும் இருந்துச்சு பிலோமி. நான் கயித்த அசைக்குமுன்னே உன் தம்பி மேல இழுத்துட்டான்."

பிலோமி அவன் முகத்தைப் பார்க்காமல் துண்டை நீட்டினாள். "அவனக் கோவிச்சுக்கிடாதீங்க."

"எதுக்குக் கோவிக்கணும்? அக்கா தாலிக்குப் பயந்திருப்பான். அதுக்குத்தானே பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையில கயித்தக் குடுக்கோம்."

அவன் சிரித்தது அவளைச் சுட்டது.

மிக்கேல் வாசலில் வந்து நின்றான். அக்காவைப் பார்க்காமல் பேசினான்.

"அத்தான், குளிக்கிறவன் அசைக்குமுன்னே ஆபத்தக் கண்டுக்கிடுத கை அவங்க நாட்டுல இல்லையாம். அந்த அதிகாரி பர்மிட்ட எனக்குக் குடுத்துட்டாரு."

"போலே, நல்லா இரு," என்ற கயித்தான் மனைவியிடம் திரும்பினான். "உனக்கு வேற தம்பி இல்லையே. இனி யார நம்பிக் கடல்ல எறங்குவேன்?"

"அத்தான இலங்கைக்கு அனுப்பிராதலே, சீக்கிரம் இழுத்துரு" என்று நேற்று கோயில் வாசலில் தம்பியின் கையைப் பிடித்து அழுதவள் பிலோமிதான்.