நிறம் கெட்ட தண்ணீர்

அர்ஜியின் முதல் வரியைப் படித்ததுமே முனிரத்தினத்துக்கு உச்சிவரை சூடு ஏறிவிட்டது.

‘முனிரத்தினம் என்னும் சாயப்பட்டறைக்காரர் எங்கள் ஊர் அம்மன் குளத்துத் தண்ணீரின் நிறத்தைக் கெடுத்துவிட்டார். ஆகையால் பட்டறையை மூட உத்தரவாக வேண்டியது.’

கீழே நாற்பது கைநாட்டு.

“நிறத்தைக் கெடுத்துட்டேனா? நானா?”

எதிரே கீழூர் அம்மன் கோயில் தர்மகர்த்தா வேதாச்சலம், மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தோடு நின்றிருந்தார். பின்னால் பத்துப் பேர்.

“சித்தூருக்கு, கலெக்டர் துரைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்” என்றார்.

“இன்னா பெரிய வார்த்தை? மூணு வருஷமா என் பட்டறைத் தண்ணி செக்கச்செவேல்னு உங்க குளத்துக்கு ஓடிக்கினு இருந்துதே, அப்ப பத்துப் பேரும் எங்க போயிருந்தீங்க? வாயில இன்னா கொழுக்கட்டையா? செங்கம்மா ஒருத்திதானே வந்து கேட்டா?”



செங்கம்மாவுக்கு ஓடைக்கரையில் அரைக் காணி. சாயத் தண்ணீர் பாய்ந்து நாற்றங்கால் கருகியபோது அவள் வந்து கேட்டாள். “போ, போ. சிவப்பு நெல்லு விளையும்” என்று விரட்டியவன் இதே முனிரத்தினம்தான். அவள் அழவில்லை. நேரே புத்தூருக்கு நடந்துபோய்ச் சுகாதார இன்ஸ்பெக்டரை அழைத்து வந்துவிட்டாள்.

அவர் கெடு வைத்தார். இரண்டு மாதத்தில் தண்ணீர் தெளிய வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. நாளைக்குக் காலையில் கெடு முடிகிறது.

ஜெர்மன் டப்பாச் சாயம். துவைத்தாலே போகாதது, தண்ணீரில் விட்டால் மட்டும் போய்விடுமா? சுண்ணாம்பு கொட்டிப் பார்த்தான், படிகாரம் போட்டுப் பார்த்தான். சிவப்பு அவனைப் பார்த்துப் பல்லிளித்தது.

கடைசியில் வழி காட்டியது ஒரு தப்பு. நூல் அலசுகிற பொன்னியம்மா, சாயத் தண்ணீரைத் தெரியாத்தனமாகச் சாணிக் கரைசல் தொட்டியில் ஊற்றிவிட்டாள். அவன் வாய்க்குப் பயந்து பலகை போட்டு மூடி, மேலே மண்ணையும் பூசிவிட்டாள். எட்டாம் நாள் திறந்தால், சிவப்பைக் காணோம்.

மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த அசரியா வந்து குனிந்து பார்த்தார்.

“காத்துப் புகாத சாணியில இருக்கிற கிருமிங்க சாயத்தை வெட்டிப் போட்டிருக்குது தம்பி. ஆனா நிறம் போச்சுன்னா விஷம் போச்சுன்னு நினைக்காதே. வெட்டுப்பட்ட துண்டும் கெட்டதுதான். அதைக் காத்துல ஆற விடு. அப்புறம் கரியில வடிகட்டு.”

மூன்று குழி வெட்டினான். மூடின சாணிக் குழி, திறந்த குழி, கரியும் மணலும் போட்ட குழி. கீரைக்கட்டுக்கே அரை நாழிகை பேரம் பேசுகிறவன், கரி மூட்டைக்குச் சொன்ன விலையைக் கொடுத்தான். பட்டறையை நம்பி இருபது குடும்பம் இருக்கிறதே.

அதற்கெல்லாம் கூலி இந்த அர்ஜி.

“வாங்கய்யா. கண்ணு இருக்கிறவங்க வந்து பாருங்க.”

வேதாச்சலத்தின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மூன்றாம் குழிக்குக் கூட்டிப்போனான். வழிகிற தண்ணீரைப் பித்தளைச் செம்பில் பிடித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“எங்கே நிறம்? காட்டுங்க பார்க்கலாம். செம்பு அடியில கீறல் தெரியுதா இல்லியா?”

பத்துத் தலைகள் செம்புக்கு மேல் குனிந்தன. எவனோ உச்சுக் கொட்டினான். வெட்கப்படுகிறார்கள் என்று முனிரத்தினத்துக்குக் குஷி பிறந்தது.

“குளமும் இப்படித்தான் ஆயிட்டுது” என்றார் வேதாச்சலம்.

“ஆயிட்டுதா? பேஷ். அப்புறம் எதுக்கு அர்ஜி?”

“அதுக்குத்தான்யா அர்ஜி.”

“எதுக்கு?”

“திருமலைக்கு நடந்துபோற சனம் குளத்துச் சிவப்பைப் பார்த்துட்டு, அம்மன் குங்குமம் கரைச்ச தீர்த்தம்னு விழுந்து கும்பிட்டாங்க. நம்ம ஊரைத் தாண்டிப் போய் ரேணிகுண்டாவுல ரயில் இறங்கினவன்கூடத் திரும்பி வந்து குடிச்சுட்டுப் போனான். இப்ப ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்கலை. உண்டியல் வாயைப் பொளந்துக்கினு கிடக்குது. பழையபடி சிவப்பா விடு. அர்ஜியை இங்கியே கிழிச்சுப் போட்டுடறேன்.”

முனிரத்தினம் செம்பைக் கீழே வைத்தான். நிறம் இருந்தால் நாளைக்கு இன்ஸ்பெக்டர் பூட்டுவார். நிறம் இல்லாவிட்டால் இவர்கள் பூட்ட வைப்பார்கள்.

ஆனால் அவன் வாயில் வந்தது வேறு.

“அது விஷம்யா. குடிக்கிறவன் குடல் இன்னாத்துக்கு ஆவும்?”

“மூணு வருஷம் அதை ஓடையில விட்டவன் சொல்றான், கேட்டுக்குங்கடா” என்று வேதாச்சலம் சிரித்தார். பிறகு கிட்டே வந்து, ஆறுதலாக அவன் தோளில் கை வைத்தார்.

“நீ ஏன் பயப்படறே? எங்க ஊர்க்காரன் ஒருத்தனும் அதை வாயில வைக்கமாட்டான். வெளியூர் பக்தருங்களுக்கு மட்டும்தான் தீர்த்தம்.”