படிக்கட்டுக்குக் கீழே செருப்பு

மலேசியாவின் செனாயில் வரப்போகும் தொழிற்சாலையைப் பிரவீனா கணினி மாடலில் மாதவாரியாக எழுப்பிப் பார்த்தாள். தூண்கள் வந்தன, தளங்கள் வந்தன. படிக்கட்டுக்குக் கீழே யாரும் வரையாத ஒரு ஜோடி செருப்பும் வந்தது. அழித்தாள். மறுபடி ஓட்டியபோது இன்னும் சில ஜோடிகள் சேர்ந்திருந்தன.

சைட் சூப்பர்வைசர் ரூபேந்திரனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, படிக்கட்டு வர்ற இடத்துல முன்ன என்ன இருந்துச்சு?"

"எஸ்டேட் முனியாண்டி கோயில் லா. போன வாரம் உடைச்சிட்டோம்."

"பூஜை போட்டு சாமிய வேற இடத்துக்கு மாத்தினீங்களா?"

"நீங்க போட்ட ஷெட்யூல்ல அது இல்லையேம்மா."

அவள் மாடலைத் திறப்பு நாள்வரை ஓட்டினாள். படிக்கட்டைச் சுற்றித் தரை தெரியாமல் செருப்புகள் கிடந்தன. முன்னால் கிடந்த நீலப் பட்டைச் செருப்பு அவளுடையதுபோல் இருந்தது.

மேசைக்கடியில் கழற்றி விட்டிருந்ததைக் காலால் துழாவினாள். வெறும் தரை சில்லென்றது.